வண்ணம் தீட்டிய ஸ்னீக்கரைப் படம்பிடிக்க: ஓவியம் ஓவியமாகவே தெரிய

தீட்டி முடித்த ஷூவைத் தரையில் வைத்து, குனிந்து, மொபைலில் சட்டென்று ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மூக்குப் பகுதி பந்துபோல் உப்பியிருக்கும். பக்கவாட்டில் வரைந்த மயிலின் கழுத்தில் ட்யூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருக்கும். ஊதா நீலமாகியிருக்கும், வெள்ளை சோல் மஞ்சளடித்திருக்கும். இவை நான்கும் வெவ்வேறு கோளாறுகள், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. விலையுயர்ந்த கேமரா வாங்கினால் இவற்றில் ஒன்றுகூடத் தானாகச் சரியாகாது.

கடைக்காகப் படம் எடுப்பவர் ஷூவின் உருவத்தைக் காட்டினால் போதும். இங்கே படத்தில் வர வேண்டியது ஓவியம். அது தட்டையான கித்தானில் இல்லாமல், வளைந்து நெளிந்த தோலிலோ துணியிலோ உட்கார்ந்திருக்கிறது. தூரிகைத் தடமும் நிறமும் பிசகாமல் வர வேண்டும். அதே நேரம் அது காலில் போடுகிற ஒரு பொருள் என்பதும் தெரிய வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

முதலில் ஷூவைத் தயார்செய்யுங்கள்

தோல்மேல் பூசும் அக்ரிலிக் பெயின்ட் அரை மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். முழுதாக இறுக நாட்கணக்கில் ஆகும். அதற்குள் ஷூவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டாலோ, ஒரு ஷூவை மற்றொன்றின்மேல் சாய்த்து வைத்தாலோ, பெயின்ட் ஒட்டிக்கொண்டு உரியும். எனவே படப்பிடிப்பைக் கடைசிப் பூச்சுக்குப் பிறகு சில நாள் தள்ளிப் போடுங்கள்.

கடைசியாகப் பூசும் காப்புப் பூச்சு பளபளப்பானதா, மேட் (பளபளப்பற்ற) வகையா என்பது படத்தைப் பெரிதும் மாற்றும். பளபளப்புப் பூச்சு அடர்நிறங்களை இன்னும் ஆழமாக்கும், கூடவே அறையிலுள்ள எல்லாவற்றையும் எதிரொளிக்கும். மேட் பூச்சு ஒளியைச் சிதறடிப்பதால் படமெடுக்க எளிது, ஆனால் கறுப்பு சற்று வெளுத்துத் தெரியும். ஷூவைத் தீட்டுபவரும் நீங்களே என்றால், நெருக்கமான விவரப் படங்களைப் பளபளப்புப் பூச்சுக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

உள்ளே காகிதம் திணியுங்கள். வெள்ளை டிஷ்யூ பேப்பரோ அச்சடிக்காத தாளோ போதும். செய்தித்தாள் வேண்டாம், மை உள்துணியில் ஒட்டும். மூக்கிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். காலுக்குள் இருக்கும் அளவுக்கு நிறைந்தால் போதும். இறுக்கித் திணித்தால் மடிப்பு வரும் இடங்களில் பெயின்ட் இழுபட்டு விரியும், தைத்த ஓரங்களும் பிதுங்கும். நாக்குக்குப் பின்னால் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினால் அது நிமிர்ந்து நிற்கும்.

லேஸ்தான் பெரும்பாலோர் கோட்டை விடும் இடம். கழற்றித் துவைத்து, மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டு (பாலியெஸ்டர் லேஸ் சூட்டில் உருகும்), இரண்டு ஷூவிலும் ஒரே முறையில் கோர்த்துவிடுங்கள். முறுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. நுனிகளை உள்ளே மறைத்துவிடுங்கள். நாக்கில் படம் வரைந்திருந்தால் மேல் இரண்டு துளைகளை விட்டுவிட்டு லேஸைத் தளர்த்துங்கள். தேவைப்பட்டால் லேஸ் இல்லாமலே ஒரு படம் தனியாக எடுக்கலாம்.

தூசியைக் காற்று ஊதியால் தட்டி, அகலமான மென்தூரிகையால் துடையுங்கள். ஒட்டும் டேப்பைப் பெயின்ட்மேல் வைக்காதீர்கள்; தளர்வாக ஒட்டியிருக்கும் பெயின்ட் அதோடு வந்துவிடும். வெள்ளை சோலைத் தேய்க்கப் பலரும் எடுக்கும் மெலமைன் ஸ்பாஞ்ச் உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள் போன்றது. சோலின் விளிம்பிலிருந்து அரை அங்குலம் தவறி மேலே போனால் ஓவியத்தில் ஒரு துண்டு காணாமல் போகும். பெயின்ட் தொடங்கும் எல்லையில் ஈரத் துணி மட்டும்.

பின்னணி

சாம்பல், வெள்ளை, கறுப்பு என்ற மூன்றோடு தொடங்குங்கள். இவற்றில் நடுத்தரச் சாம்பல்தான் புதியவர்க்கு நல்ல துணை: வெள்ளை சோலும் அதன்மேல் பிரிந்து தெரியும், கறுப்பு லேஸும் தெரியும், நிறத்தை அளவிடவும் உதவும். நிறப் பின்னணி அழகுதான், ஆனால் சிவப்புத் தாளை விரித்தால் அந்தச் சிவப்பு சோலின் கீழ் விளிம்பில் ஏறி நிற்கும். பிறகு அதை எந்த மென்பொருளிலும் சுத்தமாக எடுக்க முடியாது. நிறம் வேண்டுமானால் தரை சாம்பலாகவும் பின்சுவர் மட்டும் நிறமாகவும் இருக்கட்டும்.

ஒரு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள தடித்த தாளைச் சுவரில் ஒட்டி, மடிக்காமல் வளைவாகத் தரைக்கு இறக்குங்கள். ஷூவுக்கும் பின்சுவருக்கும் இடையே 60 சென்டிமீட்டராவது இருந்தால் நிழல் சுவரில் விழாது. வெள்ளைப் பின்னணி தூய வெள்ளையாக வர, அதற்கு ஷூவைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் ஒளி கூடுதலாக, அதாவது இரு மடங்கு ஒளி, வேண்டும். அதற்குமேல் போனால் பின்னொளி ஷூவின் ஓரங்களை அரிக்கத் தொடங்கும்.

வெள்ளைப் பின்னணியில் வெள்ளை சோல் கரைந்து போனால், சட்டகத்துக்கு வெளியே இருபுறமும் கறுப்பு அட்டை நிறுத்துங்கள். அதன் எதிரொளிப்பு சோலின் ஓரத்தில் மெல்லிய கருங்கோடாக விழுந்து உருவத்தைப் பிரித்துக் காட்டும்.

ஒளி: முக்கால்வாசி வேலை இங்கேதான்

பளபளப்பான தோல் ஒரு மங்கலான கண்ணாடி. ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ அதே கோணத்தில் மறுபக்கம் திரும்பும். அந்தத் திரும்பும் பாதையில் லென்ஸ் இருந்தால் அங்கே நிறம் போய் வெள்ளைத் திட்டு வரும். பளபளப்பைக் குறைக்க விளக்கின் பிரகாசத்தைக் குறைப்பதில் பயனில்லை. விளக்கை இடம் மாற்ற வேண்டும்.

எங்கே மாற்றுவது? ஷூவின் பக்கச் சுவர் செங்குத்தாக நிற்பதில்லை, மேலே போகப் போக உள்நோக்கிச் சாய்கிறது. அந்தச் சாய்வு 15 முதல் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஷூவின் மட்டத்தில் நேராகப் பார்க்கும் கேமராவுக்கு, முன்னால் 30 முதல் 40 டிகிரி உயரத்தில் இருக்கும் விளக்குதான் பளிச்சென்று தெரியும். கேமராவுக்குப் பின்னால் சற்று மேலே விளக்கை நிறுத்துவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அதுவே மிக மோசமான இடம். விளக்கை நேர் மேலே, சற்றுப் பின்தள்ளி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பக்கவாட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கணக்குப் போட விருப்பமில்லையா? சிறிய கைக்கண்ணாடி ஒன்றை ஓவியத்தின்மேல் அதே சாய்வில் ஒட்டியதுபோல் பிடித்து, கேமரா இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். கண்ணாடியில் விளக்கு தெரிந்தால் படத்திலும் பளபளப்பு வரும். இருட்டுச் சுவர் தெரிகிற வரை விளக்கை நகர்த்துங்கள். உங்கள் சட்டை தெரிந்தால் அதுவும் படத்தில் வரும், ஆகவே அடர்நிற உடை போட்டுக்கொள்ளுங்கள்.

மூக்குப் பகுதி மட்டும் இந்த வித்தைக்கு அடங்காது. உருண்ட பரப்பு அறை முழுவதையும் பார்க்கிறது, எங்கே வைத்தாலும் விளக்கு அதில் ஓர் இடத்தில் தெரியத்தான் செய்யும். அங்கே செய்யக்கூடியது, அந்தப் பிரதிபலிப்பைச் சிறு வெள்ளைப் புள்ளியாக விடாமல் மென்மையாகத் தேயும் பட்டையாக மாற்றுவது. அதற்கு ஒளிமூலம் ஷூவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஷூ ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளம் என்றால், 60க்கு 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸை (முன்புறம் வெள்ளைத் துணி கட்டி விளக்கின் ஒளியை மென்மையாக்கும் பெட்டி) 75 சென்டிமீட்டர் தூரத்தில் வைப்பது நல்ல தொடக்கம். சாஃப்ட்பாக்ஸ் இல்லையென்றால் சட்டத்தில் டிரேசிங் பேப்பரையோ மெல்லிய வெள்ளைத் துணியையோ இழுத்துக் கட்டி, விளக்கை அதற்கு அரை மீட்டர் பின்னால் வையுங்கள். விளக்கைத் துணியை ஒட்டி வைத்தால் நடுவில் மட்டும் பளிச்சென்ற ஒரு திட்டுதான் கிடைக்கும்.

ஜன்னல் ஒளி போதும் என்பவர்களுக்கு: நேரடி வெயில் விழாத ஜன்னல், அதிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டரில் ஷூ, ஒளி பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்பக்கமாக வரும்படி. எதிர்ப்புறம் 30 சென்டிமீட்டரில் வெள்ளைத் தெர்மாகோல் பலகை. அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். பகலொளியின் நிறச்சாயல் 5500 கெல்வின் அருகே இருக்கும், மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 வரை. இரண்டும் கலந்தால் ஷூவின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். ஒரே சமயத்தில் இரண்டையும் சரிசெய்ய வழியில்லை.

அப்படியும் எஞ்சும் பளபளப்புக்கு வட்டத் துருவமுனைப்பி, அதாவது சிபிஎல் ஃபில்டர். லென்ஸில் மாட்டி மெதுவாகச் சுழற்றினால் ஒரு நிலையில் பளபளப்பு வடிந்து அடியில் இருக்கும் நிறம் மேலே வரும். அது 1 முதல் 2 ஸ்டாப் ஒளியை விழுங்கும், எனவே முக்காலி அவசியம். பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 55 டிகிரி அளவில் சாய்ந்து பார்க்கும்போதுதான் அது முழு வீச்சில் வேலை செய்யும். நேருக்கு நேர் பார்க்கும்போது பலன் சொற்பம். விளக்கின்மீதும் துருவமுனைப்புத் தாளை ஒட்டி, லென்ஸில் இருப்பதை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் பளபளப்பு முற்றிலும் போய்விடும். ஓவியத்தை ஆவணமாகப் பதிவதற்கு இது அருமையான முறை. ஆனால் தோல் தோலாகத் தெரியாது, அட்டைபோல் ஆகிவிடும். கலைப்படத்துக்குக் கொஞ்சம் பளபளப்பு மிச்சமிருக்கட்டும்.

துணி ஷூவின் விஷயம் வேறு. 1917இல் வந்த கான்வர்ஸ் ஆல் ஸ்டார் போன்ற கேன்வாஸ் ஷூக்களில் நெசவு பெயின்ட்டை உறிஞ்சிக்கொள்வதால் பளபளப்புத் தொல்லை குறைவு. 1982இல் வந்த ஏர் ஃபோர்ஸ் 1 போன்ற தோல் ஷூக்களில் பரந்த வழவழப்பான பரப்பு தீட்டுபவருக்கு வரம், படமெடுப்பவருக்குச் சோதனை. கேன்வாஸுக்கு ஒளியைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீசினால் நெசவும் தூரிகைத் தடமும் எழுந்து நிற்கும்.

லென்ஸும் தூரமும்

மூக்கு ஏன் உப்புகிறது? மொபைலின் முதன்மை லென்ஸ் அகலக்கோண வகை. சட்டகத்தை நிரப்ப வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டியிருக்கிறது. மூக்கு லென்ஸிலிருந்து 30 சென்டிமீட்டரிலும் குதிகால் 60 சென்டிமீட்டரிலும் இருந்தால், மூக்கு குதிகாலைவிட இரு மடங்கு பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் அந்த விகிதம் 1.2ஆகக் குறைந்துவிடும். வளைப்பது தூரம்தான், லென்ஸ் அல்ல. தள்ளி நின்று, மொபைலில் 2 அல்லது 3 மடங்கு லென்ஸைப் பயன்படுத்துங்கள். கேமராவில் முழுச்சட்டகச் சென்சாருக்கு (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) 85 முதல் 105 மில்லிமீட்டர் லென்ஸ், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 50 முதல் 70.

அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை அளவு, எஃப் 8 முதல் எஃப் 11 (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). முழுச்சட்டகத்தில் 85 மில்லிமீட்டர் லென்ஸ், ஒன்றரை மீட்டர் தூரம் என்றால், எஃப் 2.8இல் கூர்மையாக விழும் ஆழம் 5 சென்டிமீட்டர்தான். எஃப் 11இல் 20 சென்டிமீட்டர். பக்கத்தோற்றத்துக்கு அது தாராளம். முக்கால் கோணத்தில் (மூக்கும் ஒரு பக்கவாட்டும் ஒருசேரத் தெரியும் கோணம்) ஷூவின் நீளத்தில் பெரும்பகுதி ஆழத்தில் கிடப்பதால் 20 போதாது. எஃப் 22க்குப் போனால் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுதுமே மழுங்கும். அதற்குப் பதில் எஃப் 8இல், மூக்கிலிருந்து குதிகால்வரை ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி 5 முதல் 8 படங்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றாக அடுக்குங்கள். இடையில் ஷூவோ முக்காலியோ அசைந்தால் லேஸ் ஓரங்களில் இரட்டைக் கோடு வரும்.

மற்ற அமைப்புகள் சுருக்கமாக: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, 2 விநாடி டைமர், ரா கோப்பு (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு), முக்காலியில் இருக்கும்போது அதிர்வுத் தடுப்பு அணைக்கப்பட்டிருக்கட்டும். எல்இடி விளக்கு சிமிட்டினால் படத்தில் பட்டைகள் விழும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸில் 1/60 அல்லது 1/120 ஷட்டர் வேகம் அதைத் தவிர்க்கும். வெள்ளை ஷூ சட்டகத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 ஸ்டாப் வரை கூட்டுங்கள். கறுப்பு ஷூவுக்கு அதே அளவு குறையுங்கள். ஒருமுறை சரியாக வந்ததும் மேனுவலில் பூட்டிவிட்டால் தொடர் முழுவதும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும்.

மொபைலில் போர்ட்ரெய்ட் மோட் வேண்டவே வேண்டாம். அது லேஸ் வளையத்தையும் நாக்கின் நுனியையும் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும். காட்சியை அடையாளம் கண்டு நிறத்தை ஏற்றும் தானியங்கி வசதியையும் அணையுங்கள்.

நிறம் பிசகாமல் இருக்க

விளக்கு வாங்கும்போது சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு) 95க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அடர்சிவப்புக்கான ஆர்9 மதிப்பையும் தனியே பாருங்கள். பொது மதிப்பு நன்றாக இருந்தும் ஆர்9 தாழ்ந்த விளக்கில் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். ஒளி அமைத்ததும், ஷூ இருக்கும் இடத்தில் 18 சதவீதச் சாம்பல் அட்டையைக் கேமராவுக்கும் விளக்குக்கும் நடுவாகத் திருப்பி வைத்து ஒரு படம் எடுங்கள். 24 கட்ட நிற அட்டை இருந்தால் இன்னும் நல்லது. வெறும் பிரின்ட்டர் தாளை வைத்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறச்சாயலைச் சரிசெய்வது) செய்ய வேண்டாம். அதில் கலந்துள்ள வெண்மையூட்டி நீலச்சாயல் தருவதால், அதைச் சரிசெய்யப் போய்ப் படம் மஞ்சளுக்குச் சாயும். வெள்ளை லேஸிலும் இதே சங்கதி உண்டு. பகலொளியில் லேஸ் நீலவெள்ளையாகவும் பக்கத்தில் தீட்டிய வெள்ளை பால்வெள்ளையாகவும் தெரிந்தால் பதற வேண்டாம், கேமரா பிழை அல்ல.

நியான் பெயின்ட் தனிக் கதை. அது கண்ணுக்குத் தெரியாத புறஊதாவையும் நீலத்தையும் விழுங்கித் தன் நிறத்தில் திருப்பி வீசுவதால், அந்த ஒரு நிறச் சேனல் மட்டும் முதலில் நிரம்பி வழியும். இளஞ்சிவப்பில் வரைந்த கோடுகள் ஒரே திட்டாகிவிடும். மொத்த ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) பார்க்காமல் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து, 0.7 முதல் 1 ஸ்டாப் குறைத்து எடுங்கள். நேரில் தெரியும் அந்த மின்னல் திரையில் முழுதாக வராது. திரைகளுக்கான பொதுவான எஸ்ஆர்ஜிபி நிற எல்லைக்குள் அது அடங்காது. செறிவைக் கூட்டிக் கூட்டி அதைப் பிடிக்க முயன்றால் உள்விவரம்தான் போகும்.

உலோகப் பெயின்ட்டுக்கு எல்லாம் தலைகீழ். மற்ற இடங்களில் பளபளப்பை விரட்டினோம். தங்கமும் வெள்ளியும் எதையாவது எதிரொளித்தால்தான் தங்கமாக, வெள்ளியாகத் தெரியும், இல்லாவிட்டால் சேறுதான். ஒரு சிறு வெள்ளை அட்டையைக் கையில் பிடித்து, அதன் பிம்பம் அந்தப் பகுதியில் மட்டும் விழும்படி திருப்புங்கள். கிளிட்டருக்கு டிஃப்யூசர் (ஒளியை மென்மையாக்கும் திரை) இல்லாத சிறிய விளக்கு ஒன்றைத் தூரத்திலிருந்து கூடுதலாகக் கொடுத்தால் துகள்கள் மினுங்கும். இருளில் ஒளிரும் பெயின்ட்டை ஒரு நிமிடம் பிரகாசமான விளக்கில் காட்டி, விளக்கை அணைத்த உடனே ஐஎஸ்ஓ 400இல் 8 முதல் 15 விநாடி எடுங்கள். ஒளிர்வு வேகமாகத் தேயும்.

நிறுத்துவதும் எடுக்கும் வரிசையும்

பக்கத்தோற்றத்துக்கு லென்ஸின் மையம் ஷூவின் பாதி உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்த ஷூவுக்கு அது தரையிலிருந்து 6, 7 சென்டிமீட்டர்தான். முக்காலி அவ்வளவு தாழாது என்பதால் ஷூவை மேசையில் ஏற்றிவிடுங்கள். ஷூ ஒருபக்கம் சாய்ந்தால் சோலுக்கு அடியில் பிசையும் ஒட்டுக்களியை உருட்டி வைத்து நிமிர்த்துங்கள். ஷூ நின்ற இடத்தைச் சிறு டேப்பால் குறித்தால், அடுத்த ஷூவும் அதே இடத்தில் உட்காரும்.

1. சாம்பல் அட்டையோடு ஒரு படம்.
2. இரண்டு ஷூவுக்கும் வெளிப்பக்கம், உட்பக்கம், மூக்கு, குதிகால், மேலிருந்து. சட்டக அகலத்தில் முக்கால் பங்கை ஷூ நிறைக்கட்டும்.
3. முக்கால் கோணம். ஓவியத்தின் மையம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கேமராவை நோக்கி.
4. ஜோடியாக.
5. நெருக்கமான விவரங்கள்: ஒளியை 15 முதல் 20 டிகிரிக்குத் தாழ்த்தி, தூரிகைத் தடமும் பெயின்ட்டின் தடிமனும் தெரிய.
6. சோல், லேஸ் நுனி, கையொப்பம்.

ஜோடிப் படத்தில்தான் கலைஞனின் எண்ணம் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். வலது ஷூவில் தொடங்கும் கிளை இடது ஷூவில் பூக்கிறதென்றால், இரண்டையும் இணையாக அடுக்கி எடுப்பது ஓவியத்தை இரண்டாக வெட்டுவது போல. குதிகாலோடு குதிகால் ஒட்டி, அல்லது மூக்கோடு மூக்கு எதிரெதிராக வைத்து, கோடு எந்த நிலையில் தொடர்கிறது என்று தேடுங்கள். ஓவியம் ஷூவைச் சுற்றி ஓடினால் சுழல்மேசையில் வைத்து 15 டிகிரிக்கு ஒன்றாக 24 படங்கள் எடுத்தால், ஒரு படத்தில் சொல்ல முடியாதது தொடராகத் தெரியும்.

திருத்தம்

சாம்பல் அட்டைப் படத்திலிருந்து ஒயிட் பேலன்ஸை எடுத்து எல்லாப் படங்களுக்கும் ஒட்டுங்கள். லென்ஸ் சீர்திருத்தம், நேராக்கல், தூசி நீக்கம் ஆகியவற்றோடு பொதுவேலை முடிந்தது. செறிவு ஸ்லைடரை மொத்தமாகத் தள்ளுவதைவிட, பிசகிய நிறத்தை மட்டும் தனியே சரிசெய்வதே முறை. நீலமாகிப்போன ஊதாவைச் சற்றுச் சிவப்புப் பக்கம் நகர்த்தினால் போதும். தூரிகைத் தடம், சிறு பிசிறு, கோடு தாண்டிய பெயின்ட் இவற்றை அழிக்காதீர்கள். அச்சு இயந்திரத்தில் வந்ததுபோல் வழவழப்பாக்கினால் கையால் வரைந்ததற்கான சாட்சி போய்விடும். விற்பனைக்கான படம் என்றால் வாங்குபவரை ஏமாற்றுவதாகவும் ஆகும்.

இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி, நீளப் பக்கம் 2048 பிக்ஸல். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்ஸல், அதாவது 10க்கு 12 அங்குலப் படத்துக்கு 3000க்கு 3600. வேறொருவர் தீட்டிய ஷூ என்றால், வெளியிடுமுன் அனுமதி கேட்டு, அவர் பெயரைக் கோப்பின் தகவல் பகுதியிலேயே எழுதிவிடுங்கள். முதல் அச்சு வந்ததும் தாளையும் ஷூவையும் ஒரே ஜன்னலடியில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். நிறம் தவறினாலோ அச்சு மங்கலாக வந்தாலோ, ஸ்லைடரைத் தொடுமுன் மானிட்டரின் பிரகாசத்தைச் சோதியுங்கள். திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருந்தால் படத்தை அறியாமலே இருட்டாக்கிவிட்டிருப்பீர்கள். அச்சு மங்கலாக வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.